சோற்றில் மருந்து

கொள்ளு வறுபடும்போது வாசம் ஏறிய கையோடு சட்டியை இறக்கிவிட வேண்டும். விட்டால் ரசம் கசக்கும். முப்பது வருடமாகக் கொள்ளு வறுக்கிற கந்தம்மாளுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தேதான் இறக்காமல் நின்றாள். பயறு கறுத்துப் புகைந்தது. பக்கத்து அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்த மாரியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, கொள்ளு கருகுது. நெனப்பு எங்க போச்சு?"

"கருகட்டுங்கண்ணா. என்ற தம்பிக்கு இப்பிடி இருந்தாத்தான் புடிக்கும்."

"நல்ல தம்பி போ. என் பையனுக்கு உப்புமால கடுகு கருகுனாலே தட்டு பறக்கும்."

அவர் அம்மாபேட்டைக்காரர். தறி ஓட்டுகிற கை என்பதால் கரண்டியையும் ஒரே சீராகத்தான் தள்ளுவார். அவருடைய மகனும் கந்தம்மாளின் தம்பி மாதையனும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில். ராசிபுரம் ரோட்டில் இருந்த அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டு கடைசிக் கட்டடம். நோயாளியோடு வீட்டாள் ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். தங்குகிறவர்கள் சமைத்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பங்குனி வெயிலில் காலை எட்டு மணிக்கே தகரம் சுடும். அதற்குள் எல்லாரும் ஆக்கி இறக்கிவிடப் பார்ப்பார்கள்.

மாரியப்பன் உப்புமாவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கந்தம்மாள் அடுப்பு விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தாள். அவர் போனதும் சேலை முந்தியின் முடிச்சை அவிழ்த்தாள். காகிதப் பொட்டலத்தில் இரண்டு ஆரஞ்சு மாத்திரை, ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அடுப்புத் திட்டின் மேல் வைத்து எவர்சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தினாள். அடிக்கக் கூடாது, தெறிக்கும். அழுத்தி உடைத்துவிட்டுத் திருகினால் மாவாகும். அந்தத் தூளை வழித்து ரசத்தில் போட்டாள். ஆரஞ்சு நிறம் ஒரு கணம் மேலே மிதந்தது. கொள்ளின் கருப்பில் பிறகு காணாமல் போனது.

பதினோரு வருடப் பழக்கம் அது.

மாதையன் ஒரு காலத்தில் போர்வெல் லாரியோடு வடக்கே போய் வேலை செய்தவன். இருபத்தேழு வயதில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி நடந்தே வந்தான். கல்லுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றான். அதற்குப் பிறகு மாத்திரைதான் அவனை நிறுத்தி வைத்தது. ஆனால் மாத்திரையைத் தின்றால்தானே? வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்து, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவான். அம்மா செத்த வருடம் அவன் கிணற்று மேட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் கந்தம்மாள் முதன்முதலாக ரசத்தில் கலந்தாள்.

கலந்தது பலித்தது. அதை யாரும் மறுக்க முடியாது. சங்ககிரிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் அவள் சேகோ மில்லுக்குப் போய் ஜவ்வரிசிக்குக் குச்சிக்கிழங்கு தோலுரித்தாள். அவள் கணவன் சின்னான் வடநாட்டு லைனில் லாரி ஓட்டினான். மாதையன் ஆடு மேய்த்தான், தண்ணீர்த் தொட்டியை நிரப்பினான், மாரியம்மன் நோம்பிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தீர்த்தக்குடத்துக்குப் பின்னால் போனான். எப்போதாவது, "ஏனக்கா கசக்குது?" என்பான்.

"கொள்ளு கருகிருச்சு சாமி."

ஒரு தடவை அவன் தட்டைத் தள்ளிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். "சோத்துல என்னமோ போடற நீ."

"ஆத்தா மேல சத்தியமா ஒண்ணுமில்ல. தின்னு."

தின்றான். அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கந்தம்மாள் மாரியம்மன் படத்தில் ஆத்தாவின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்து ஏற்றினாள். பிறகு அதுவும் பழகிவிட்டது. நல்லதுக்காகச் சொல்கிற பொய்யை ஆத்தா கணக்கில் வைக்கமாட்டாள் என்று நாம் எல்லாருமே நம்பிக்கொள்கிறோம்.

இந்தத் தை மாதத்தில் அவன் டம்ளரின் அடியில் ஆரஞ்சுத் தூளைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டு, லாரிப்பட்டறை டீக்கடைகளில் பன்னும் டீயும் வாங்கித் தின்று திரிந்தான். மாசி பிறந்ததும் பைபாஸ் ரோட்டின் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று லாரிகளை நிறுத்தத் தொடங்கினான். சின்னானைத் தெரிந்த டிரைவர்கள் இரண்டு பேர் துண்டால் கையைக் கட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சேர்க்கும்போது டாக்டர் அறிவுச்செல்வி கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுட்டு இருந்தாரா?"

"தவறாம குடுத்துட்டுத்தான் இருந்தனுங்க."

கொடுத்தது நிஜம். சாப்பிடவில்லை என்பதையும் எப்படிக் கொடுத்தாள் என்பதையும் சொல்லவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் மருந்து போதவில்லை என்றுதானே டாக்டர் நினைப்பார்? வீரியம் கூடின மருந்தாக எழுதினார்.

வார்டில் நர்ஸ் தனப்பிரியா மூன்று வேளையும் தானே வந்து மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவன் அங்கே நிஜமாகவே விழுங்கினான். ஆனால் கந்தம்மாள் நம்பவில்லை. 'இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், கன்னத்துல ஒதுக்குவானே' என்று நினைத்தாள். தாலுகா ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கி மிச்சமாகிக் கிடந்த மாத்திரைகளைச் சேலைக்குள் கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் நாளிலிருந்து ரசத்தில் கரைத்தாள். ஊசி மயக்கத்தில் கிடந்தவன், ஊட்டியதையெல்லாம் தின்றான்.

ஆறாம் நாள் அந்தக் கருகின ரசத்தோடு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது டாக்டர் அறிவுச்செல்வி மாதையனின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நோயாளியிடம் நின்றுகொண்டு பேசமாட்டார் அந்த அம்மாள். நல்ல மனுஷி.

"சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு மாதையன்?"

"சோத்துல மருந்து வெக்கறாங்க."

"யாரு?"

"அக்கா."

"எப்ப இருந்து?"

"பதினோரு வருசமா. இப்ப வவுறு கல்லாப் போச்சு. உள்ள ஒண்ணுமே நகரல."

பக்கத்துக் கட்டிலில் மாரியப்பனின் மகன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. கந்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க சாப்பாட்டுல எதுவும் கலக்கறீங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

கந்தம்மாளின் கையில் ரசச் சட்டி சூடாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் இங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தெரிந்துவிட்டால் இவன் இனி எப்போதும் தன் கையால் தின்னமாட்டான். தின்னாவிட்டால் மறுபடியும் அந்த ரோடு, அந்த லாரிகள்.

"இல்லீங்க டாக்டரம்மா. நான் எதுக்குங்க கலக்கறேன்? ஆத்தா மேல சத்தியமா இல்லீங்க."

மாதையன் அவளைப் பார்த்தான். பார்வையில் கோபம் இல்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டர் எழுதினார். சோற்றில் மருந்து வைக்கிறார்கள் என்கிறார், அதனால் வயிறு கல்லாகிவிட்டது என்கிறார் என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதினார்.

அவர் போனதும் மாரியப்பன் ஆறுதல் சொன்னார். "இதுக்கெல்லாம் கண் கலங்காதம்மா. என் பையன் போன வருசம் பூரா ரசத்துல விஷம்னுதான் சொன்னான். அவங்க அம்மாவைப் பார்த்து! இவங்க சொல்றதை எல்லாம் மனசுல ஏத்துனா நாம இந்தப் பக்கம் கட்டில் போட வேண்டியதுதான்."

அவள் தலையாட்டினாள். அன்று மாதையன் அவள் கையால் வாங்கவில்லை. பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், நர்ஸ் தனப்பிரியா அதைப் பார்த்துவிட்டு, "குடுங்கக்கா, நான் ஊட்டி விடறேன்" என்று சட்டியை வாங்கிக்கொண்டாள். "பாருங்கண்ணா, நான் குடுக்கறேன். இதுல ஒண்ணுமே இல்ல, வெறும் ரசம். என்னை நம்ப மாட்டீங்களா?" அதிலிருந்து மூன்று நாளும் வேளைக்கு நாலு கவளம் அப்படியே உள்ளே போனது. அந்தப் பெண் தன் வேலையை விட்டுவிட்டு, ஒருவன் பட்டினி கிடக்கக் கூடாதே என்றுதான் செய்தாள். அவளுடைய நல்ல மனசும் இந்தப் பொய்க்கு வேலைக்காரியாகிப் போனது.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் கந்தம்மாள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வார்டின் கக்கூசுகளைக் கழுவும் பூவாத்தாள் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏனம்மிணி, உன்ற தம்பி வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"எதுக்குங்கக்கா?"

"சொல்லு."

கந்தம்மாளுக்குத் தெரியவில்லை. ஆம்பிளை கக்கூசுக்குப் போய்வருவதை அக்கா எப்படிக் கணக்கு வைப்பாள்?

"ஒனக்குத் தெரியாது. டாக்டரம்மாளுக்குந் தெரியாது. நாப்பது பேருல யாரு போனா, யாரு போகல, யாருக்கு ரத்தமாப் போச்சு, எல்லாம் எனக்குத்தான் தெரியும். நாந்தான கழுவறேன்? உன்ற தம்பி உள்ள போறான், உக்காரறான், சும்மா வாரான். ஏழு நாளாப் பாக்கறேன். நேத்து உள்ளயிருந்து மொனகற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தப்பறம் என்ன சாமின்னேன். 'ஒண்ணுமில்லீங்'ன்னு மருவாதியாச் சொல்லிட்டுப் போறான், பாவம்."

"அவன் எங்கிட்ட வலிக்குதுன்னு சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா நீங்க என்னத்தக் கேக்கறீங்க? இந்த வார்டுல வவுத்து வலிக்கும் மருவாதி இல்ல, பல்லு வலிக்கும் மருவாதி இல்ல. எல்லாம் பைத்தியம் பேசுதும்பாங்க. போன ஐப்பசியில ஒரு பெரியவரு நெஞ்சுல பாம்பு கொத்துதுன்னாரு. பாம்பு இல்ல அது. வா, நானே பாக்கறேன்."

பூவாத்தாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, மாதையனின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. விரலால் தட்டினாள். மத்தளத்தில் தட்டின மாதிரி கேட்டது. அவன் பல்லைக் கடித்தான்.

"வலிக்குதா சாமி?"

"வலிக்குதுங்."

"ஏன் சொல்லல?"

"சொன்னனுங்."

பூவாத்தாள் நேரே தனப்பிரியாவிடம் போய்ச் சொன்னாள். மலம் இளகுவதற்கு மருந்துத்தண்ணீர் கொடுத்தார்கள். குடித்த கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தான்.

மத்தியானம் கந்தம்மாள் வேப்பமரத்தடியில் நின்று சின்னானுக்குப் போன் போட்டாள். நாக்பூரைத் தாண்டி எங்கேயோ லோடு இறக்கக் காத்துக்கிடந்தான்.

"ஏனுங்க, எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்குதுங்க. மாத்திரை ரெட்டிப்பாப் போயிருச்சோன்னு இருக்குது. டாக்டரம்மாகிட்ட சொல்லிப்போடட்டுங்களா?"

"நீ என்ன கூறுகெட்டவளா? சோத்துல கலந்து குடுத்தேன்னு நீயே போய் எழுதிக் குடுக்கறயா? கேசு கீசுன்னு ஆயிருச்சுன்னா நான் இங்கயிருந்து பறந்தா வரமுடியும்?"

"அவன் வவுறு..."

"இன்னைக்கே கலக்கறத நிறுத்து. தானாச் செரியாயிரும். என்ற வண்டியில கிளீனரு நாலு நாள் வெளிக்குப் போகாம ஆந்திரா வரைக்கும் வந்தான், செத்தா போயிட்டான்? வெந்நி குடுத்துப் பாரு." பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "நானும் அந்தச் சோத்தத்தான் அவன் முன்னால உக்காந்து தின்னேன் கந்தா. எனக்கும் தெரிஞ்சுதான் இருந்தேன். உன்ன மட்டும் சொல்லல."

அவள் கலப்பதை நிறுத்தினாள். மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆனால் ஆஸ்பத்திரியின் மாத்திரை வேளை தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மாதையன் மறுபடியும் வாந்தி எடுத்தான். இந்தத் தடவை அது சோறாக இல்லை. பழுப்பாக, கக்கூஸ் நாற்றத்தோடு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து ஓடினார்கள். மாரியப்பன் மட்டும் தன் துண்டைக் கொண்டுவந்து மாதையனின் மோவாயைத் துடைத்தார். டாக்டர் அறிவுச்செல்வி ஓடிவந்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அறுவைசிகிச்சை செய்யும் பெரிய டாக்டரை வரவழைத்தார்கள். நரைத்த தலை, நிதானமான ஆள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்துச்சீட்டைப் புரட்டினார்.

"குடல் அடைச்ச மாதிரிதான் தெரியுது. ஆனா இந்த டோஸ்க்கு இவ்வளவு ஆகாதே. எனிமா குடுத்துப் பார்ப்போம். வழி விட்டாலும் விட்டுடும். சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். இவரைக் கீறுறதும் லேசுல்ல. தையலைப் பிச்சுக்குவாரு, படுத்த இடத்துல இருக்க மாட்டாரு."

மாதையன் கண்ணைத் திறந்தான். உதடு வறண்டு ஒட்டியிருந்தது.

"சோத்துல மருந்துங்," என்றான்.

பெரிய டாக்டர் அறிவுச்செல்வியைப் பார்த்தார்.

"அது அவரோட நோய் சார்," என்றார் அறிவுச்செல்வி மெதுவாக. "முதல்ல இருந்தே சொல்லிட்டிருக்காரு."

கந்தம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். சாயங்காலம்வரை என்றால் இன்னும் ஏழு மணி நேரம். சின்னானின் குரல் காதுக்குள் இருந்தது. ஆத்தாவின் பேரைச் சொல்லி இதே இடத்தில் நின்று சத்தியம் செய்ததும் நினைவில் இருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நோயில்லீங்க சாமி."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"அவன் சொல்றது நெசமுங்க. நாந்தானுங்க கலந்தேன். தினமும் ரெண்டு ஆரஞ்சு, ஒரு வெள்ளை. நீங்க குடுக்கறதுக்கு மேலயுங்க. நேத்து மத்தியானம் வரைக்கும். ஊட்டுலயும் பதினோரு வருசமா கலந்தனுங்க. அவன் ஒரு நாளும் பொய் சொல்லலீங்க. நாந்தான் பொய் சொன்னேன்."

அறிவுச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரபரவென்று பெரிய டாக்டரிடம் மருந்தின் பேரையும் அளவையும் சொன்னார். பெரிய டாக்டரின் நிதானம் போய்விட்டது.

"ரெண்டும் மலத்தைக் கட்டுற மருந்து. ஒண்ணா இத்தனை நாள்னா குடல் அசையறதையே நிறுத்தியிருக்கும். எனிமா வேண்டாம், வெடிச்சுடும். உடனே தியேட்டருக்கு எடுங்க. எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கந்தம்மாள் தம்பியின் பக்கத்தில் குனிந்தாள். மன்னித்துவிடு என்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் புழங்குகிற வார்த்தை இல்லை. அவன்தான் பேசினான்.

"இப்பச் சொன்னயே."

அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தியேட்டர் வாசலில் சிமெண்டுத் தரை கொதித்தது. நாலு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அறிவுச்செல்வி ஒரு தடவை வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று கந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா."

"ஆமாங்க."

"நானும் வயித்தை அமுக்கிப் பார்த்திருக்கலாம். கல்லாப் போச்சுன்னு அவர் என்கிட்டதான் சொன்னாரு. நான் எழுதிக்கிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேஸெல்லாம் வராது. பயப்படாதீங்க. ஏதாவது குடிச்சீங்களா?"

சாயங்காலம் மாரியப்பன் ஒரு டம்ளர் டீயோடு வந்தார். கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாவேதான் கலந்தியாம்மா?"

"நெசமுங்கண்ணா."

"என் பையன் பத்து நாளா காதுக்குள்ள நெருப்பு வெக்கறாங்கன்னு சொல்றான். நான் அடிக்காத குறைதான். இப்பப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சீழ் தலகாணி வரைக்கும் வந்திருக்கு." அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நர்ஸைக் கூட்டியாந்து காமிக்கப் போறேன். நீ டீயைக் குடி. ஆறுது பாரு."

பூவாத்தாளும் வேலை முடிந்து போகிற வழியில் வந்தாள். கையில் பையைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை கூடவே உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

குடல் ஒரு முழ நீளம் கறுத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் இறங்க ஒரு பை ஒட்டியிருந்தார்கள். சீழ் உள்ளே பரவியிருந்தது. "உசிர் இருக்கு. மத்ததை நாம சொல்ல முடியாது," என்றார் பெரிய டாக்டர். எட்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீர் பிரிவது குறைந்தது. மருந்து நின்றதால் கல்லுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரலும் திரும்ப வந்துவிட்டது. சில நேரம் அதோடு பேசிக்கொண்டிருந்தான். தையலைப் பிய்ப்பான் என்று பயந்தார்கள். அவன் அதைத் தொடவே இல்லை. அறிவுச்செல்வி தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த மருந்து, எதற்கு, ஊசியா மாத்திரையா என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போட்டார். சில நாள் சரி என்றான். சில நாள் வேண்டாம் என்றான். வேண்டாம் என்ற நாளில் பொழுதோட மறுபடியும் வந்து கேட்டார்.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள் வாய்வழியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். கந்தம்மாள் கொட்டகையில் குருணையைக் காய்ச்சி, சிட்டிகை உப்பு போட்டு, தூக்குவாளியில் ஊற்றிக் கொண்டுவந்தாள். சர்ஜரி வார்டு வராந்தாவில் பூவாத்தாள் அவளை நிறுத்தினாள்.

"அம்மிணி, சொன்னாக் கேளு. நீ போய் நீட்டுனா வாங்கமாட்டான். நேத்து எங்கையால நாலு ஸ்பூன் எளநி குடிச்சான். இத எங்கிட்டக் குடு. ஆஸ்பத்திரிக் கஞ்சின்னு சொல்லி ஊட்டிர்றேன். நீ இந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கோ. வவுத்துக்குள்ள நாலு வாய் போகட்டும். ஒடம்புல ஒண்ணுமில்ல அவனுக்கு. இன்னிக்குந் திங்கலீன்னா என்னாகும்னு டாக்டரே பயப்படறாரு."

அது அன்பில் சொன்னது. கந்தம்மாளுக்கும் ஒரு நொடி கை நீண்டுவிட்டது. வாளியின் பிடியைப் பூவாத்தாள் தொட்டபோது அவள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கக்கா."

"ஏன்?"

"ஆஸ்பத்திரிக் கஞ்சி இல்லீங்களே இது. நான் காய்ச்சுனது."

பூவாத்தாள் அவளைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

மாதையன் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான். கன்னம் ஒட்டி, முகம் அப்பாவின் முகம் மாதிரி ஆகியிருந்தது. கந்தம்மாள் வாளியை ஸ்டூலின் மேல் வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி வந்தது.

"நாந்தான் காய்ச்சுனேன் மாதையா. குருணையும் உப்பும். வேற ஒண்ணுமில்ல. மருந்தெல்லாம் டாக்டரம்மா ஒனக்குச் சொல்லித்தான் குடுப்பாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவன் கஞ்சியைப் பார்த்தான். அவளுடைய கைகளைப் பார்த்தான். குச்சிக்கிழங்குப் பால் பட்டுப் பட்டு வெடித்த விரல்கள். வெகுநேரம் பார்த்தான். சத்தியம் செய்யச் சொல்வானோ என்று அவளுக்குத் தோன்றியது. இனி எதன் மேல் செய்வது?

"வேண்டாம்," என்றான்.

முன்பெல்லாம் அவன் வேண்டாம் என்றால் அவள் கெஞ்சுவாள், அழுவாள், அம்மாவின் பேரைச் சொல்வாள், பாதிக் கவளத்தை வாயில் திணிப்பாள். பதினோரு வருடத்தில் அவனுடைய ஒரு வேண்டாமையும் அவள் வேண்டாமாக விட்டதில்லை.

"சரி சாமி," என்றாள்.

மூடியை எடுத்து மூடினாள். வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெளியே வெயில் வராந்தாவின் பாதிவரை ஏறியிருந்தது. அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகலயா?"

"இல்ல. இங்கதான் இருக்கேன்."

அவன் சற்று யோசித்தான். பை ஒட்டிய வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, வலியோடு, ஒரு சாண் அளவுக்கு உடம்பை அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"நிக்காத. உக்காரு," என்றான்.

கந்தம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.